கடைசி வரி கலங்கடித்துவிட்டது

"எங்கம்மா செத்ததுக்கு 'வாழ்த்துகள் தோழர்'ங்கிறான், ஆசானே!"

மருதப்பன் கத்திக்கொண்டே உள்ளே வந்தான். ஒரு கையில் ஃபோன். இன்னொரு கை கன்னத்தைத் தாங்கியிருந்தது.

ஆசான் முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்.

"எந்தப் பல்லுண்ணே?"

"பல்லை விடுங்க. நான் போட்ட கவிதையைப் படிச்சீங்களா, இல்லையா?"

"செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்தான்.

ஆசான் என்றதும் தாடி, காவி, ஆலமரம் என்று யாரும் போய்விட வேண்டாம். அவர் பெயர் டாக்டர் ஜெபமலர். கோவில்பட்டியில் மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில் பல் பிடுங்குகிறார். மருதப்பனைவிட ஏழெட்டு வயசு சின்னவர். வாட்ஸப்பில் 'ஈரமண்' என்று ஒரு கவிதைக் குழு இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் அவர். முதலில் யாரோ கிண்டலுக்குத்தான் ஆசான் என்றார்கள். அப்புறம் அது ஒட்டிக்கொண்டது.

மருதப்பன் ஃப்ளெக்ஸ் கடைக்காரன். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பான். மிஷின் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கவிதை எழுதுவான். முக்கால்வாசி சுமார்தான். அது அவனுக்கும் தெரியும்.

ஆனால் இந்த ஒன்று சுமார் இல்லை. அதுவும் அவனுக்குத் தெரியும்.

நாற்காலியில் சாயாமல் நட்டமாக உட்கார்ந்துகொண்டு வாசித்தான்.

"அஞ்சலி பேனருக்கு
ரேஷன் கார்டு படம்தான் கிடைத்தது.
பத்துக்கு எட்டாகப் பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க
கட்டம் கட்டமாக உடைந்தாள்.
ஊருக்கெல்லாம் முகம் அடிப்பவன் சொல்கிறேன்,
கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.
அம்மா தெரிவாள்."

ஆசான் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். ஊசி மருந்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்கு என்ன வந்திருக்கு தெரியுமா? 'அருமை'. 'அருமை அருமை'. 'சிறப்பு'. மூணு கைதட்டல் பொம்மை. ஒருத்தர் 'இனிய மதிய வணக்கம்'. ஒருத்தன் 'வாழ்த்துகள் தோழர், மேலும் வளர்க'. யாரு வளரணும்? எங்கம்மாவா?"

"ம்."

"என்ன ம்? அம்மாவைப் பத்தி நான் எழுதுனது இது ஒண்ணுதான். இனிமே எழுதவும் மாட்டேன். இதையே ஒருத்தன் படிக்கலைன்னா அப்புறம் எனக்கு எதுக்கு இந்தக் குழு? வெளியேறிடுவேன். இந்தா, விரல் பொத்தான் மேலதான் இருக்கு."

உண்மையிலேயே இருந்தது.

"சரி. எந்தப் பல்லு?"

மருதப்பன் காதிலேயே வாங்கவில்லை.

"அவனுகளைக்கூட விட்டுரலாம். சுருளிவேல் ஒரு வார்த்தை சொல்லலையே! அதுதான் எனக்கு ஆறல."

சுருளிவேல் போடியில் தையல்காரர். பேன்ட், சட்டை தைப்பார். குழுவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், யாரும் நேரில் பார்த்ததில்லை. 'அருமை' என்று எழுதத் தெரியாத ஒரே ஆள். மருதப்பனின் சுமார் கவிதைகளுக்குக்கூட முழ நீளத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார். 'இந்த இடத்தில் இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் பிரித்து விடுங்கள்' என்பார். 'இந்தச் சொல் உங்களுடையது இல்லை, யாரிடமோ வாங்கிப் போட்டிருக்கிறீர்கள்' என்பார். கோபம் வரும். ராத்திரி சாப்பிடும்போது யோசித்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

தீபாவளிக்கு அப்புறம் ஆளைக் காணவில்லை. குழுவில்தான் இருக்கிறார். பேச்சு மட்டும் இல்லை.

"கர்வம் வந்துருச்சு அவருக்கு. நம்ம எழுதுறதெல்லாம் இனி அவர் கண்ணுக்குத் தெரியுமா?"

ஆசான் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயைத் திறங்க."

"இல்ல, நான் கேக்கதுக்கு முதல்ல..."

"திறங்கண்ணே."

திறந்தான். சொத்தைப் பல் தானே தெரிந்தது. ஊசி ஏறியது. இனி அவர் பேசலாம், அவன் பேச முடியாது. பல் டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனால் இப்படித்தான்.

"நம்ம குழுவுல ஒரு சட்டம் இருக்குல்ல?"

தலையாட்டினான்.

இருந்தது. கவிதை போட வேண்டும் என்றால், அதற்கு முன் மேலே இருக்கிற மூன்று கவிதைகளுக்குப் பதில் எழுத வேண்டும். அடுத்தவரைப் படிக்கட்டும் என்று ஆசான் வைத்தது. நடந்தது வேறு. டோல்கேட்டில் காசைக் கட்டுகிற மாதிரி மூன்று 'அருமை'யைக் கட்டிவிட்டு எல்லோரும் தங்கள் வண்டியை உள்ளே விட்டார்கள்.

"அம்மா கவிதைக்கு முன்னாடி நீங்களும் மூணு பேருக்குப் பதில் போட்டீங்கல்ல?"

தலையாட்டினான்.

"யார் யாருக்கு?"

மருதப்பன் மேலே விளக்கைப் பார்த்தான். யோசித்தான். விளக்கு கண்ணைக் கூசியது.

"சரி, எதைப் பத்தின கவிதைங்க அதெல்லாம்?"

மழை என்று ஒன்று இருந்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

அவன் ஃபோனில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். 'அ' என்று ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். 'அருமை தோழர். கடைசி வரி கலங்கடித்துவிட்டது' என்று முழுசாக வந்து நிற்கும். கடைப் பழக்கம். அங்கேயும் அப்படித்தான், பேனர் முன்னாலேயே தயாராக இருக்கும், பெயரும் படமும் மட்டும் மாறும். எல்லாக் கவிதைக்கும் கடைசி வரி என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது. அதனால் இதுவரை மாட்டவில்லை.

"தட்டம் வத்தது நீங்கதான ஆதானே" என்றான். நாக்கு பாதி மரத்துவிட்டது. ச வரவில்லை.

"ஆமா. மட்டமான சட்டம்." ஆசான் கையுறையைக் கழற்றினார். "முழுசா மரத்துப் போக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். சும்மா எதுக்கு இருக்கணும்? சுருளிவேல் கடைசியா போட்டதை எடுத்துப் படிங்க."

"அதுக்கு நான் அப்பவே பதில் போட்டேன்."

"தெரியும். படிங்க."

ஃபோனை மேலே தள்ளித் தள்ளிப் போனான். பொங்கல் வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து, நூறு ரோஜாப்பூ. எல்லாவற்றையும் தாண்டி தீபாவளி சமயத்தில் கிடந்தது.

ஊசிக் கண் மறைந்தது.
பிறகு ஊசி மறைந்தது.
இப்போது உங்கள் எழுத்துகள்.
எவ்வளவு பெரிதாக்கினாலும்
சாம்பல்தான் தெரிகிறது.
பேசி அனுப்புங்கள்.
காது இருக்கிறது.

அதற்குக் கீழே சின்னதாக, 'தட்டச்சு: மகள்' என்று இருந்தது.

அதற்கும் கீழே வரிசையாகப் பதில்கள். அருமை. படிமம் பிரமாதம். ஊசியைக் குறியீடாக்கிய விதம் சிறப்பு. கைதட்டல் பொம்மை. வாழ்த்துகள் ஐயா.

அப்புறம் மருதப்பன்.

'அருமை தோழர். கடைசி வரி கலங்கடித்துவிட்டது.'

மருதப்பன் கடைசி வரியைப் பார்த்தான். மறுபடியும் முதல் வரியிலிருந்து வந்தான். மறுபடியும் கடைசி வரி.

ஒருத்தர்கூடப் பேசி அனுப்பவில்லை. எல்லோரும் எழுதியிருந்தார்கள். கண் தெரியவில்லை என்றவருக்கு எழுதி எழுதிப் போட்டிருந்தார்கள்.

"ஆதானே."

"ம்."

"இது கவிதையா? இல்ல நெதமாவா?"

"நீங்கதானே கலங்குனீங்க. நீங்க சொல்லுங்க."

அவன் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

ஆசான் புதுக் கையுறை போட்டுக்கொண்டார். குறட்டைக் கையில் எடுத்தார்.

"வாயைத் திறங்க."

திறந்தான்.

"அன்னைக்கே கூப்பிட்டேன் அவரை. மிஷினை வித்துட்டாராம். மக திருப்பூர்ல வேலை பாக்குது. தீபாவளிக்கு வந்தப்ப டைப் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருச்சு. அப்புறம் வீட்டுல அவரு மட்டும்தான். நான் அப்பப்ப யாராவது எழுதுனதை வாசிச்சு அனுப்புவேன். இன்னும் அப்படித்தான். இந்த இடத்துல பிரிச்சு விடச் சொல்லுங்கன்னுவாரு."

பல் அசைந்தது.

"போன வாரம் கேட்டாரு. மருதப்பன் எழுதுறதை விட்டுட்டாரா, சத்தத்தையே காணோமேன்னு."

பல் வந்துவிட்டது. தட்டில் டிங் என்று விழுந்தது.

மருதப்பன் கண்ணின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"வலிக்குதா?"

தலையாட்டினான்.

"வலிக்காதே. மருந்து போட்டிருக்கே."

பஞ்சைச் சுருட்டிக் குழிக்குள் வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தான். கோபம் இன்னும் பாக்கி இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கையை விரித்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அர்த்தம்.

ஆசானுக்குப் புரிந்தது.

"அவரே சொல்லிட்டாரே. அதைவிட நல்லா எனக்கு எழுத வராது."

மருதப்பன் ஃபோனை நீட்டினான். அம்மா கவிதையைத் தொட்டுக் காட்டினான். ஆசானின் வாயைக் காட்டினான். வடக்கே, போடிப் பக்கம், கையைக் காட்டினான். நீங்கள் வாசித்து அவருக்கு அனுப்புங்கள்.

ஆசான் குழாயைத் திறந்து கை கழுவினார். துண்டில் துடைத்தார்.

"அது உங்க அம்மா."

வெளியே அடுத்த ஆள் இருமினார். ஆசான் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்.

"பஞ்சை எடுத்துறாதீங்க. ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசக் கூடாது. துப்பக் கூடாது. அப்புறம் வேணும்னா ஐஸ்கிரீம் சாப்பிடுங்க, சூடா எதுவும் வேண்டாம். மரப்பு தெளிஞ்சதும் உங்க கவிதையை வாசிச்சு அவருக்கு அனுப்புங்க. நல்லா, நிறுத்தி நிறுத்தி. புரியுதா?"

தலையாட்டினான்.

"முதல்ல வீட்டுக்குப் போங்க."

மருதப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினான். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். கீழே மெடிக்கல் கடையில் யாரோ இருமல் மருந்துக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஃபோனை எடுத்தான். குழுவை விட்டு வெளியேறுகிற பொத்தானை மறுபடியும் வரவழைத்தான். மூடினான். சுருளிவேலின் எண்ணைத் திறந்தான்.

அம்மா கவிதையைப் பார்த்தான். நல்ல கவிதைதான். இப்போதும் அப்படித்தான் பட்டது. அனுப்பினால் அவர் கேட்பார். எந்த இடத்தில் இறுக்கம், எந்தச் சொல் கடன் என்று சொல்வார். அதற்காகத்தானே இத்தனை நாளும் ஏங்கினான்.

அவர் கவிதைக்கு அப்படி அவரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அவருடைய ஏழு வரியையும் இன்னொரு தடவை படித்தான்.

அப்புறம் வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டினான். ரத்தம் உப்புக் கரித்தது. முழுங்கினான். ஒரு பக்கம் தொங்குகிற உதட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மைக்கை அழுத்தினான்.

உங்கள் கவிதையை வாசியுங்கள் என்றுதான் ஆசான் சொல்லியிருந்தார்.

"ஊதிக் கண் மறைந்தது" என்று ஆரம்பித்தான்.