முதல் மரியாதை ஊசி

எங்கள் ஊருக்குக் கோபுரம் இல்லை, ஆறு இல்லை. பூரணி இருக்கிறாள், அங்கன்வாடி ஆயா.

இங்கே தேர்வடம் பிடித்தாலும் கிடா வெட்டினாலும் முதல் மரியாதை ஊர்த்தலைவர் சிங்காரத்துக்குத்தான். பக்கத்து ஊரில் தட்டம்மை பரவியதும் எங்கள் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். தன்னைக் கேட்கவில்லை என்ற கோபத்தில் அவர் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஊசி போட்டா பிள்ளை முடமாயிடும்!"

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த நாங்கள் பயந்து பின்வாங்கினோம். பூரணி மட்டும் நகரவில்லை.

"என்னடி முறைக்கிற? என் பேச்சை மீறி ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டு. முடியலைன்னா மூட்டையைக் கட்டு!"

"சரிங்கய்யா. உங்களுக்கு வேண்டாம்னா முதல் மரியாதையைக் கீழத்தெரு மாசிலாமணி ஐயா பேரனுக்குக் கொடுத்துடறோம். மேளத்துக்கும் சொல்லிடறேன்."

"யாரு? என் பேரன் இருக்கும்போது அவன் பேரனுக்கா?"

தலைவர் தன் வீட்டுக்கு ஓடினார். பேரனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"முடமாயிடும்னீங்களே, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அது வெளியூர் ஊசி. இது நம்ம ஊர் ஊசி!"

சிரித்த சிரிப்பில் எங்கள் பயம் போய்விட்டது. எல்லோரும் வரிசையில் நின்றோம்.

செய்தி கேட்டு மாசிலாமணியும் பேரனோடு வந்து குதித்தார். "அப்ப நான் ரெண்டாம் ஆளா?"

"இல்லீங்கய்யா," என்றாள் பூரணி. "இதுக்கு ரெண்டாம் தவணை உண்டு. அதுல முதல் மரியாதை உங்களுக்குத்தான். ஆனா இன்னைக்குப் போட்டுக்கிட்ட பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும்."

மாசிலாமணி பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார், என் மகளுக்குப் பின்னால்.