செருப்பெடுக்கத் திரும்பினவளும் சின்ன ரயிலும்

நேராப் படு. காலை மடக்காத. போர்வை போதுமா? சரி. நடுவுல ம் கொட்டணும், கொட்டலேன்னா பாதியிலயே நிறுத்திட்டுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ரயில் டிரைவர் இருந்தான். உங்க அப்பா மாதிரியான்னு கேக்காத, உங்க அப்பாதான். அவன் ஏன் அந்த ரூமை விட்டு வர மாட்டேங்கறான்னு சாயங்காலத்துலேர்ந்து என் உயிரை எடுக்கறியே, அதைத்தான் கதையாச் சொல்றேன். கதையில டிரைவருக்கெல்லாம் மரியாதை குடுத்து அவருன்னுதான் சொல்லணும். என்ன பண்றது, எனக்குத் தம்பியாப் பொறந்துட்டான், அவன்னுதான் வாயில வருது.

"ம்."

அந்த டிரைவர் கூட்ஸ் வண்டி ஓட்டறவன். ஒரு நாள் பெட்டி பெட்டியா நிலக்கரி ஏத்திக்கிட்டு கடகட கடகடன்னு வந்துக்கிட்டிருந்தான். அப்போ தூரத்துல ஒரு பொண்ணு தண்டவாளத்தைத் தாண்டினா. பேரு பூங்காவனம். தலையில புல்லுக்கட்டு. டிரைவர் கூ...ன்னு ஹாரன் அடிச்சான். அவ குடுகுடுன்னு ஓடி அந்தப் பக்கம் போயிட்டா. போயே போயிட்டாடி. ஆனா ஒரு கால் செருப்பு மட்டும் ஜல்லிக்கல்லுல மாட்டிக்கிட்டு நின்னுபோச்சு. புதுச் செருப்பு. அப்போ அவ என்ன பண்ணா? புல்லுக்கட்டைக் கீழ போட்டுட்டுத் திரும்பி வந்தா.

"ஐயோ."

ம்னு சொல்லு போதும். டிரைவர் எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டான். கிரீ...ச்சுன்னு அத்தனை சக்கரமும் கத்துச்சு. வண்டி நிக்கல.

"ஏன் அத்தை நிக்கல? ரயிலுக்கு பிரேக் இல்லையா?"

இருக்கு, பெட்டிக்குப் பெட்டி இருக்கு. ஆனா இரும்புச் சக்கரம் இரும்பு மேல வழுக்கிக்கிட்டேதான் வரும். பின்னாடி அவ்வளவு கரியும் போ போன்னு தள்ளும். பஸ் மாதிரி ஒடிச்சுத் திருப்பவும் முடியாது. அவ செருப்பைக் கையில எடுத்து நிமிந்து பாத்தா. டிரைவரும் அவளைப் பாத்தான். வண்டி அவளைத் தாண்டி ரொம்ப தூரம் போய்த்தான் நின்னுச்சு. செத்துப்போயிட்டா. கடைசியில யாராவது வந்து உயிர் குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டிருக்காத, இந்தக் கதையில அப்படி யாரும் வர மாட்டாங்க.

"ம்."

அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. உன் மேல தப்பில்லை, லீவு போட்டு ரெஸ்ட் எடுன்னு அனுப்பிட்டாங்க. எல்லாருக்கும் இதையேதான் சொல்லுவாங்கன்னு நெனச்சு அவன் அதை நம்பல. அப்புறம் அந்த ரூமுக்குள்ள போனான். பழைய குடையைப் பிரிச்சு, அந்தக் கம்பியில தண்டவாளம் பண்ணான். உடைஞ்ச டேப் ரெக்கார்டர்லேர்ந்து மோட்டாரைக் கழட்டி இன்ஜின்ல வெச்சான். தகரத்தை வெட்டிப் பெட்டி பண்ணான். டிக்குனு ஒரு குமிழைத் திருகினா ஓடும், திருப்பித் திருகினா நிக்கும். தெருவே வேடிக்கை பாக்க வந்துச்சு.

"கரி போடணுமாப்பா?"ன்னு கேட்டாங்க. "வேணாம், தண்டவாளத்துலயே கரண்ட் வருது"ன்னான். "தொட்டா ஷாக் அடிக்குமா?" "அடிக்காது, கம்மி கரண்டுதான்." "எல்லாம் நெஜ ரயில் மாதிரியேவா?" அப்போ அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "எல்லாம் அதே மாதிரிதான், அளவெடுத்துப் பண்ணேன்"னான். அங்கதான்டி கோட்டை விட்டான்.

அப்புறம் என்ன பண்ணான்? கொலுப் பெட்டியைத் திறந்து கட்டைவிரல் உசரத்துல ஒரு மண் பொம்மையை எடுத்தான். அவ குனிஞ்ச இடம் எதுன்னு கணக்குப் பண்ணி, தண்டவாளத்து மேல வெச்சான். ரயிலை விட்டான். கடக் கடக், கடக் கடக். அன்னைக்கு எங்க பிரேக் போட்டானோ அந்த இடம் வந்ததும் குமிழைத் திருப்பினான். டக். நின்னுடுச்சு. பொம்மைக்கு முன்னாடி ஒரு சாண் இடம் மிச்சம்.

என்னைக் கூப்பிட்டான். "பாருக்கா, நிக்குது. நின்னுருக்கணும். நான்தான் கை மரத்துப்போய், நெனச்சதை விட லேட்டாப் போட்டிருக்கேன். என் கைதான் அவளைக் கொன்னுச்சு"ன்னான். நான் கத்தினேன், உங்கம்மா கெஞ்சினா. ஒண்ணும் ஏறல. சோத்தைத் தட்டுல போட்டு மூடி வெச்சா மூடினபடியே இருக்கும். டூட்டிக்குப் போற பேச்சே இல்ல. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்போ அந்த டிரைவருக்கு ஒரு பொண்ணு. வாயாடி. அவ உள்ள போய் ரயில் பெட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "அப்பா, கரி எங்க? பெட்டியெல்லாம் காலியா இருக்கே"ன்னு கேட்டா.

"நான்தானே கேட்டேன்."

நீதான். அவன் உன்னைப் பாத்த பார்வை இன்னும் என் கண்ணுலயே நிக்குது. அப்புறம் எழுந்து போய் மணல் அள்ளிக்கிட்டு வந்து பெட்டியெல்லாம் நிரப்பினான். ரயிலை விட்டான். கடக், கடக், கடக். அதே இடத்துல குமிழைத் திருப்பினான். கிறுகிறுன்னு கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போய் நின்னுச்சு. பொம்மைக்கும் ரயிலுக்கும் ஒரு விரல் இடம்தான். அப்புறம் மீன் மார்க்கெட் பக்கம் போய், வலையில கட்டற ஈயக்குண்டு ஒரு பை நிறைய வாங்கிக்கிட்டு வந்தான். பெட்டி கொள்ற மட்டும் போட்டான். மோட்டார் முக்கிச்சு, முனகிச்சு, மெதுவா வேகம் பிடிச்சுச்சு. அதே இடம். திருப்பினான். இன்ஜின் சக்கரம் நின்னுபோச்சு, ஆனா பின்னாடி இருந்த ஈயம் தள்ளு தள்ளுன்னு தள்ளுச்சு. சர்ர்ர்... பொம்மை உருண்டு போய் விழுந்துச்சு. ரயில் அதைத் தாண்டிப் போய் நின்னுச்சு.

"அப்போ அப்பா மேல தப்பே இல்ல. சந்தோஷப்பட்டாரா?"

நானும் அப்படித்தான் நெனச்சேன், மடச்சி மாதிரி. "பாத்தியாடா, யாரு ஓட்டியிருந்தாலும் நின்னுருக்காது"ன்னேன். அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான். "அக்கா, தப்பு என்னோடதா இருந்தா, அவ பொழைக்க ஒரு வழி இருந்துச்சுன்னு ஆகும். இப்போ அதுவும் இல்ல. நான் என்ன பண்ணியிருந்தாலும் அவ செத்திருப்பா. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நான் சும்மா நின்னுக்கிட்டு வந்திருக்கேன்"னு சொல்லி அழுதான். பெத்தவங்க செத்தப்போகூட அவன் அப்படி அழுது நான் பாத்ததில்ல.

"நான் கேட்டிருக்கக் கூடாதா அத்தை?"

நீ கேட்டது சரியான கேள்விடி. அதுக்கு வந்த பதிலைத்தான் அவனால தாங்க முடியல. இங்க வா, என் பக்கம் திரும்பிப் படு. அழாத.

அப்புறம் அவன் ஈயக்குண்டையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பையில கட்டி, பரண் மேல தூக்கிப் போட்டான். பொம்மைக்குக் கை உடைஞ்சிருந்துச்சு, கோந்து வெச்சு ஒட்டினான். திரும்பக் காலிப் பெட்டியோட ஓட்ட ஆரம்பிச்சான். அதைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கான். கேக்குதா? கடக் கடக், கடக் கடக்... டக். நின்னுடுச்சு. அவ செருப்பை மாட்டிக்கிட்டு, புல்லுக்கட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

"ஆனா அது பொய்யாச்சே."

பொய்தான். அவனுக்கும் தெரியும்.

"காலையில சாப்பிட வருவாரா?"

தெரியலடி கண்ணு. கூப்பிட்டுப் பாப்போம். பாரு, மறுபடியும் கெளப்பிட்டான்.

"ம்."

கதை அவ்வளவுதான், இதுக்கு மேல எனக்குத் தெரியாது. கண்ணை மூடு. அந்தச் சத்தம் கேட்டா பயப்படாத, உங்க அப்பா அவளைக் காப்பாத்திக்கிட்டிருக்கான். தூங்கு.