செம்பி சொல்லாத பயம்

சுனைக்காட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்குச் செம்பி என்ற புள்ளிமான்தான் தலைவி. பந்தை உதைப்பதில் அந்தக் காட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் போன வருடம் அக்கரை எருமைகளோடு ஆடிய இறுதி ஆட்டத்தில் கடைசி பெனால்டியை வானத்துக்கு அடித்துத் தொலைத்தாள். நடுவர் கொக்கு குரல் கொடுத்ததும், இந்த அவஸ்தை சீக்கிரம் தீர்ந்தால் போதும் என்று ஓடிப்போய் உதைத்ததால் வந்த வினை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. புல் தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மான்களில் ஒருத்தி மிரண்டு கத்தினால், ஏன் எதற்கென்று கேட்காமல் மொத்தக் கூட்டமும் ஓட்டம் பிடிக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவள், தலைவி பயத்தைச் சொன்னால் அணியே சிதறிவிடும் என்று நம்பினாள். தோழிகள் ஓய்வெடுக்கும்போது தனியாக ஓடிப் பழகினாள். கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினாள். மறுபடியும் தவறவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவும் கட்டியிருந்தாள். பந்துதான் அவளுக்கு உயிர், பாவம்.

இந்த வருடமும் இறுதி ஆட்டத்தில் அதே அக்கரை எருமைகள். ஆட்டம் சமனாகி, பெனால்டிக்கு வந்து நின்றது. எருமைகள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். கடைசியாக அடிக்க வேண்டியவள் செம்பி. தவறினால் கோப்பை அக்கரைக்கு!

பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் கரடியிடம் அவளையறியாமல் வார்த்தை வந்துவிட்டது.

"மூக்காயி, எனக்குக் கால் நடுங்குது. ஒரு வருஷமா நான் சரியாத் தூங்கலை."

கரடி அவளை உற்றுப் பார்த்தாள். "எனக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் வயித்தைக் கலக்கும். நீ கல்லு மாதிரி நிக்கிறே, உங்கிட்ட எப்படிச் சொல்றது? புதருக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்துட்டு வருவேன்."

அணித் தோழிகளான முயலும் நரியும் தங்களுக்கும் அந்தக் கதைதான் என்றார்கள். ஒருத்தியும் ஓடவில்லை. இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள். செம்பிக்குத் திகைப்பாக இருந்தது.

"கொக்கு கத்தினதும் ஓடாதே. நல்லா மூச்சு விட்டுட்டு அடி" என்றாள் மூக்காயி.

செம்பி அப்படியே செய்தாள். நிதானமாக, குறி பார்த்து உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது.

எருமைகள் துள்ளிக் குதித்தார்கள். செம்பி புல்தரையில் விழுந்து வாய்விட்டு அழுதாள். தோழிகள் சுற்றி உட்கார்ந்து அவர்களும் அழுதார்கள். தோல்வி நெஞ்சை அறுக்கத்தான் செய்தது.

வெகுநேரம் கழித்து, "இதோட ஆட்டத்தை விட்டுடலாம்னு இருந்தேன்" என்றாள் செம்பி.

"இப்போ?" என்று கேட்டாள் மூக்காயி.

"நாளைக்கு நல்லாத் தூங்கணும். மறுநாள் பந்தை எடுத்துட்டு வா."

கூட ஆடுகிறவர்களிடம் தன் பயத்தைச் சொல்ல முடிந்தவளால்தான் தோல்வியையும் தாங்கிக்கொண்டு மறுபடி ஆட வர முடியும்.