கண்ணில் படாத ஓட்டை

தூறல் விழுந்தாலே மிதக்கும் தெரு அது. தண்ணீர் உள்ளே இறங்கட்டும் என்று ஓட்டை ஓட்டையான காங்கிரீட்டை, உறுதிக்கு நாரும் கலந்து, போட்டுக்கொண்டிருந்தாள் கொத்தனார் தேசம்மா. அங்கேயே குடியிருக்கும் கவுன்சிலர் ஏகாம்பரம் வந்து குதித்தார்.

"என்னம்மா இது, இட்லி மாதிரி? ஓட்டை இருந்தா உறுதி ஏது? தண்ணியும் இறங்கணும், ஒரு ஓட்டையும் கண்ணுல படக்கூடாது. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"சரிங்க ஐயா. முதல்ல உங்க வாசல்லயே பூசிடறேன்."

ஓட்டையெல்லாம் மறைய, வழவழவென்று சிமெண்டுப் பால் பூசினாள். ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரமே மழை கொட்டியது. தெருத் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது, குப்பை லாரி ஏறியும் காங்கிரீட் அசையவில்லை. கவுன்சிலர் வாசலில் மட்டும் குளம். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "இங்க மட்டும் ஏன் இறங்கலை?"

"ஓட்டை கண்ணுல படக்கூடாதுன்னீங்களே ஐயா. தண்ணியோட கண்ணுலயும் படலை போல!"