ஹார்லோவா, கிராஸ்பியா?

அரங்கத்தில் விசில் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே, உடை மாற்றும் அறையில் எஸ்தர் வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கஜபதி வாத்தியார் அந்தக் கையில் பட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கஜபதி அவளைவிட இரண்டு வயது சின்னவர். கண்ணில் அடிபட்டு, சீக்கிரமே ஆட்டத்தை விட்டவர். சொல்லிக்கொடுப்பவர் அவர்தான் என்றாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எஸ்தர் குத்துச்சண்டையில் மாநில சாம்பியன். இதுவரை யாரிடமும் தோற்றதில்லை. இன்று இறுதிப்போட்டியில் எதிராளி மதுரை முத்தரசி, சின்னப் பெண். அரையிறுதியில் அவள் அடித்த வேகத்தைப் பார்த்ததிலிருந்து எஸ்தருக்குச் சோறு இறங்கவில்லை. மணிக்கட்டு வீக்கத்தைச் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தோற்காதவள் என்ற பேரோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கறேன். ஹார்லோ பெரியவரா, கிராஸ்பி பெரியவரா?"

இருவரும் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் குத்துச்சண்டை சாம்பியன்கள். ஹார்லோ ஒரு தோல்விகூட இல்லாமல், உச்சத்தில் இருக்கும்போதே விலகினார். கிராஸ்பி விடாமல் ஆடி, கடைசியில் நேற்று வந்த பையன்களிடமெல்லாம் அடிவாங்கி ஓய்ந்தார். கஜபதியின் பயிற்சிக்கூடத்தில் இந்த வழக்கு தீர்ந்ததே கிடையாது.

"ரெண்டு பேரையும் நேர்ல பாத்திருக்கேன். பயிற்சிக்கு இங்கிலாந்து போனப்போ."

"சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கல. ஹார்லோ டீ குடுத்தாரு. பெல்ட்டெல்லாம் கண்ணாடி அலமாரியில பளபளன்னு இருந்துச்சு. ஜெயிச்ச ஆட்டம் ஒவ்வொண்ணையும் சொன்னாரு. குரல் கணீர்னு இருந்துச்சு. வாசல் வரைக்கும் வந்து, என் பேரைச் சொல்லி வழியனுப்பினாரு."

"கிராஸ்பி?"

"கை நடுங்குச்சு. என் பேரைத் திரும்பத் திரும்பக் கேட்டாரு."

"அப்போ ஹார்லோதான்."

"இரு. உங்க பெரிய வெற்றி எதுன்னு கிராஸ்பிகிட்ட கேட்டேன். அதை விட்டுட்டு, கடைசி ஆட்டத்துல தன்னைச் சாய்ச்ச பையனைப் பத்தி ஆரம்பிச்சாரு. 'என்னா அடி தெரியுமா!'ன்னு நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு. லெஃப்ட் ஹூக். இடதுகை, பக்கவாட்டுலேர்ந்து வளைஞ்சு வரும். எனக்குப் போட்டுக் காட்டினாரு. அப்போ மட்டும் கை நடுங்கல."

எஸ்தர் நிமிர்ந்தாள். "அது என் அடியாச்சே!"

"ஆமா. அவர்கிட்ட பாத்துட்டு வந்துதான் உனக்குச் சொல்லிக்குடுத்தேன். அதை வெச்சுத்தானே எல்லாரையும் சாய்ச்சே."

வெளியே ஒலிபெருக்கியில் அவள் பேரைச் சொன்னார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது.

"நான் போகட்டுமா, வேணாமா?"

கஜபதி துணியின் நுனியைச் செருகினார். "கட்டிட்டேன். பிரிக்கணும்னா சொல்லு, நானே பிரிச்சுடறேன்."

அவள் கையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"கிளவுஸை எடு, வாத்தியாரே."

முதல் ரவுண்டு எஸ்தருடையது. இரண்டாவதில் அவளுடைய இடதுகை முத்தரசியின் தாடையைப் பிடித்தது. அந்தப் பெண் கயிற்றில் சாய்ந்து நிமிர்ந்து, திருப்பி அடித்து அந்த ரவுண்டைத் தனதாக்கினாள். அரங்கமே எழுந்து நின்றது.

கடைசி ரவுண்டான மூன்றாவதில் முத்தரசி வலது தோளைச் சட்டென்று இறக்கினாள். எஸ்தர் அந்தப் பக்கம் தடுக்கப் போனாள். அடி மறுபக்கத்திலிருந்து வந்து விலாவில் இறங்கியது. மூச்சு நின்றது. முட்டி தரையைத் தொட்டது. நடுவர் எண்ணி முடிப்பதற்குள் எழுந்து, மணி அடிக்கும்வரை நின்று ஆடினாள்.

புள்ளிக் கணக்கில் ஜெயித்த முத்தரசியின் கையை நடுவர் தூக்கினார்.

கஜபதி துண்டோடு ஓடினார். "அக்கா, ரொம்ப வலிக்குதா?"

எஸ்தரின் உதட்டில் ரத்தம் கசிந்தது. கண் மட்டும் ஜொலித்தது.

"வலி கிடக்குது! பாத்தியா அவளை? தோளை இறக்குறா, நான் ஏமாந்து அங்க போறேன், இந்தப் பக்கம் இடி மாதிரி விழுது! எங்க கத்துக்கிட்டா, வாத்தியாரே? அப்படி ஒரு அடியை நான் கண்டதே இல்ல!"

மூச்சு வாங்கினாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்பவாச்சும் சொல்லு. ஹார்லோவா, கிராஸ்பியா?"

கஜபதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, குத்து வாங்கத் தயாராக அவள் முன்னால் நீட்டினார்.

"முதல்ல அந்த அடியைப் போட்டுக் காட்டு, அக்கா. மறந்துடப் போற."