மயிலின் மிதக்கும் பக்கங்கள்

மூடுபனி கவிந்த அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மயில் வாழ்ந்தது. அதனிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. காட்டு வைத்தியம் முழுவதும் அதற்குள் ஒரே பிடிஎஃப் புத்தகமாக அடங்கியிருந்தது. எந்த நோய்க்கு எந்த இலை என்று மயில்தான் பார்த்துச் சொல்லும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மயிலுக்கு எதுவும் அழகாக இருக்க வேண்டும். புத்தகத்தைத் திறக்கும் மென்பொருளின் அமைப்புகளில் கண்ணில் பட்டதையெல்லாம் முடுக்கிவிட்டிருந்தது. பக்கங்கள் மெல்ல மிதந்து திரும்பின. படங்கள் மெருகேறிய பிறகுதான் தெரிந்தன. ஓரத்தில் எல்லாப் பக்கங்களும் குட்டிப் படங்களாக வரிசை கட்டின. முன்பு படித்த புத்தகங்களும் கூடவே திறந்துகொண்டன. பனியில் கரையும் அந்த ஒளியைப் பார்த்து மயில் சொக்கிக் கிடக்கும். ஒரு பக்கம் வருவதற்குள் குளத்தில் ஓர் அல்லி விரிந்துவிடும்.

"என்னைப் போய் மெதுவுன்னு சொல்றாங்களே! உன் புத்தகத்துக்கு முன்னால நான் குதிரையாக்கும்!" என்று குளத்து ஆமை கேலி செய்தது.

"அழகுக்கு என்ன அவசரம்?" என்றது மயில்.

ஒரு காலை, பனியைக் கிழித்துக்கொண்டு புள்ளிமான் ஓடி வந்தது.

"மயிலண்ணா! என் குட்டி செங்கண்ணிப் பழத்தைத் தின்னுட்டான்! வாயில நுரை தள்ளுது! சீக்கிரம் மருந்து சொல்லுங்க!"

மயில் புத்தகத்தைத் திறந்தது. திரையில் ஒரு பூவின் படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அடுத்த பக்கம் வரவேயில்லை. மயில் பதறிப்போய்ப் பொத்தானை அலகால் கொத்து கொத்தென்று கொத்தியது. கணினி இன்னும் திணறியது.

"பாழாப்போன கணினி! கிழடு தட்டிப்போச்சு!"

"கணினியை ஏன் வையிற? என் ஓடு என் உயிரைக் காக்குது, அதனால சுமக்கறேன். நீ ஏத்தி வெச்சிருக்கறது யாரைக் காக்குது?" என்று கேட்டது ஆமை.

மான் தேம்பியது. மயில் வெட்கப்பட்டது. அமைப்புகளைத் திறந்து பக்கங்கள் மிதப்பதை நிறுத்தியது. மெருகை நிறுத்தியது. ஓரப் படங்களை மூடியது. அப்போது மட்டும் அதற்கு நெஞ்சு வலித்தது, ஆனாலும் மூடியது. பழைய புத்தகங்கள் தானாகத் திறப்பதையும் தடுத்தது. தேடும் பெட்டியை மேலே, கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தது.

மென்பொருளை மூடித் திறந்தபோது வெறும் வெள்ளைப் பக்கமும் கறுப்பு எழுத்தும்தான் இருந்தன. 'செங்கண்ணி' என்று தட்டியதும் உரிய பக்கம் பளிச்சென்று வந்து நின்றது.

"பனிநாக்கு இலை! கசக்கி நாக்கில் தடவு! இதோ, உன் காலடியிலேயே முளைச்சிருக்கு! ஓடு!"

மான் இலையைக் கவ்விக்கொண்டு பறந்தது. பனி விலகியபோது குட்டி நடுங்கும் கால்களோடு எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

அழகுக்கென்று ஏற்றிய சுமை ஆபத்தில் காலைக் கட்டும்; வேண்டாததை இறக்கி வைப்பவரே வேண்டியதை வேளையோடு எட்டுவார்.