கடைசி பெஞ்சில் தேங்கிய தூக்கம்

எங்கள் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் முத்துக்கருப்பன் வாயைத் திறந்தால் நம் காதில் ஒரு முழம் பூவாவது சுற்றாமல் மூட மாட்டார். அன்றைக்கு அதற்கு அவசரமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு அவரை அறைக் கண்காணிப்பாளராகப் போட்டிருந்தார் தேர்வுப் பொறுப்பாளர் எஸ்தர் மேடம். அதே ஞாயிறு உசிலம்பட்டியில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து, கிடா விருந்து. மனிதருக்கு நல்லி எலும்பு என்றால் உயிர்.

"மேடம், நான் ஹாலுக்குள்ள வந்தா பசங்க பேப்பர் மேலயே கவுந்துருவாங்க," என்று ஸ்டாஃப் ரூமில் ஆரம்பித்தார். "தூக்கம்ங்கிறது ஒரு வாயு. கண்டுபிடிச்சது நான்தான். வாத்தியார் பேசுற காத்து தள்ளித் தள்ளி, அது கடைசி பெஞ்சுல போய்த் தேங்கும். ஒரே பீரியட்ல பத்து பாட்டில் புடிச்சேன்."

"உங்க கிளாஸ்ல பத்துதானா? டேங்கர் லாரியே ரொம்புமே," என்றார் வேதியியல் ஜபருல்லா.

"சிரிக்காதீங்க பாய். ஒரு பாட்டில் வீட்டுல கசிஞ்சிருச்சு. கடிக்க வந்த கொசு, குத்துன வாக்குலயே தூங்கிருச்சு. ஒவ்வொண்ணா உருவி முறத்துல போட்டோம். கோழி தூக்கத்துலயே முட்டை போட்டுச்சு. காதுல வச்சுப் பாத்தா உள்ள குறட்டை! ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டா, அது மறுபடி புரண்டு படுத்துக்கிச்சு."

எனக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

"பயந்து போய் மிச்சத்தை வைகையில ஊத்திட்டேன். போன செவ்வாய்க்கிழமை மதுரையே தூங்கிருச்சு. கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தபடியே தூங்குச்சு."

"கீழ விழுந்திருக்குமே சார்?" என்றேன் நான்.

"எப்படி விழும்? புவியீர்ப்பு விசையும்தான் தூங்கிருச்சே!"

ஜபருல்லா விடவில்லை. "செவ்வாய்க்கிழமை நாங்களும் மதுரையிலதான் இருந்தோம். ஒண்ணும் பாக்கலையே?"

"பூரா பேரும் தூங்கிட்டீங்க. எங்க பாக்குறது? முழிச்சிருந்தது நான் ஒருத்தன்தான். இத்தனை வருஷமா என் கிளாஸை நானே கேட்டதுல எனக்குப் பழகிப்போச்சு."

எஸ்தர் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், போன தேர்வுல கண்காணிப்பாளர் தூங்கிட்டார். பசங்க புத்தகத்தையே விரிச்சு வச்சு எழுதினாங்க. ஊரே தூங்கினாலும் தூங்காத ஆளைத்தான் தேடிட்டு இருந்தேன். காலையிலயும் நீங்க, மதியமும் நீங்க."

முத்துக்கருப்பனுக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் உண்மை பேசி அன்றுதான் கேட்டேன். பாவமாகத்தான் இருந்தது.

"மேடம், அத்தனையும் புளுகு. ஞாயித்துக்கிழமை மச்சினன் வீட்டுல கிடா வெட்டு. அதுக்குத்தான்."

"கதை விடாதீங்க சார்," என்றார் எஸ்தர் மேடம்.